காய்ச்சலில் மாறும் இரத்தக் கணக்கு

காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது பழைய மேனாட்டு வைத்தியர்களின் வழக்கம். அவ்வாறு கிண்ணத்தில் பிடித்த இரத்தத்தில் செந்நிறப் பகுதி விரைந்து அடியில் தங்க, மேலே வெளிறிய படலமொன்று உறைந்து நிற்கும். அப்படலத்தை நோயின் கசடென்றே அவர்கள் நெடுங்காலம் கருதினர்.

அதன் உண்மைப் பொருளை 1918 முதல் ஆராய்ந்து விளக்கியவர் சுவீடன் நாட்டு ராபின் பாரேயஸ். அழற்சியின்போது பைப்ரினோஜன் முதலிய புரதங்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. அதனால் சிவப்பணுக்கள் காசுகளை அடுக்கினாற்போல் ஒட்டிச் சேர்ந்து விரைவில் படிகின்றன. ஈ.எஸ்.ஆர். என்று நாம் அறிந்துள்ள சோதனை இவ்வாறு பிறந்தது.

1930-இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளைச் சோதித்தனர். நோயின் உச்சத்தில் இரத்த நீரில் ஒரு புதிய பொருள் தோன்றியது; உடல் தேறியதும் மறைந்தது. அதுவே சி.ஆர்.பி. என்னும் புரதம். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே கல்லீரல் இதனைப் பன்மடங்காகப் பெருக்கி அனுப்புகிறது.

ஆனால் எல்லாப் புரதங்களும் பெருகுவதில்லை என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். ஆல்புமினும், வைட்டமின் ஏ-யைச் சுமந்து செல்லும் புரதமும் அவ்வேளையில் குறைகின்றன. இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் பெரிட்டினோ உயர்கிறது.

இஃது ஆய்வுக்கூடத்து விவகாரம் மட்டுமன்று. பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய அட்டப்பாடியை எண்ணிப் பாருங்கள். 2013-இல் அங்கே பழங்குடிச் சிசுக்கள் பல மடிந்தபோது, ஊட்டக்குறைவு நாடெங்கும் பேச்சாயிற்று. அத்தகைய ஊர்களில் காய்ச்சலோடு இருக்கும் குழந்தையின் இரத்தத்தைச் சோதித்தால், இல்லாத இரும்பு இருப்பதுபோலவும், இருக்கும் வைட்டமின் இல்லாததுபோலவும் தோன்றக்கூடும். அந்த எண்ணை மட்டும் நம்பினால், மருந்து வேண்டிய குழந்தை விடுபட்டுப் போகும்.

இதனை உணர்ந்தே, 2016 முதல் 2018 வரை நம் நாட்டில் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வில் சி.ஆர்.பி.யையும் சேர்த்து அளந்தனர். கிண்ணத்துப் படலத்தை நோயென்று கொண்டது பழங்காலப் பிழை. சோதனைத் தாளிலுள்ள எண்ணே முழு உண்மையென்று கொள்வதும் அதற்கு ஒப்பானதே. அன்று அக்குழந்தைக்குக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டறிந்த பின்னரே அந்த எண்ணுக்குப் பொருள் கூற வேண்டும்.