ஒரு பிடி அரிசி

மிசோரம் என்றதும் நம்மவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மூங்கில் நடனம், மலை, மழை. வங்கி என்னை மூன்று வருடம் ஐஸ்வாலில் கொண்டுபோய் வைத்தது. (சொந்தக்காரர்கள் "என்ன தப்பு பண்ணினே?" என்று விசாரித்தார்கள்!) அங்கே என்னைக் கவர்ந்தது சமையலறையில் இருக்கும் ஒரு சின்னப் பாத்திரம்.

மிசோ கிறிஸ்தவ வீடுகளில் உலைக்கு அரிசி அளக்கும்போதே அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போடுவார்கள். ஒவ்வொரு வேளையும். பிறகு சபைப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். அதை விற்ற பணம் சபையின் ஊழியத்துக்கு. புஹ்ஃபாய் தாம் என்று பெயர். 1910இல் ஆரம்பித்த வழக்கம்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனரிகள் அந்த மலைக்கு வந்தது 1894 ஜனவரி 11. அதுவரை எழுத்தே இல்லாத மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் வரிவடிவம் கொடுத்தார்கள். 1897இல் வெல்ஷ் மிஷனிலிருந்து டி.ஈ. ஜோன்ஸ் வந்தார். முதல் ஞானஸ்நானம் 1899இல், இரண்டே பேருக்கு. ஆக, பிடி அரிசி தொடங்கியபோது அந்தச் சபைக்கு வயது பதினொன்றுதான். காட்டை வெட்டி எரித்து, மலைச்சரிவில் நெல் விதைத்துப் பிழைத்த ஜனங்கள். அவர்கள் கையில் காசு ஏது? இருந்தது நெல். அரிசிப் பானை இருந்தது பெண்கள் கையில். காணிக்கை அங்கிருந்துதான் வர முடியும்.

அடுத்தே வந்தது மௌதாம். ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை அந்த மலை முழுக்க மூங்கில் பூக்கும். அதன் விதையைத் தின்று எலிகள் பெருகி, வயலையும் தின்று தீர்க்கும். 1911-12இல் பெரும் பஞ்சம். புதிதாய்ப் பழகிய ஒரு பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. ஆனாலும் பிடி அரிசி இன்றுவரை இருக்கிறது.

இதை முழுக்க மிஷனரிகள் கற்றுக்கொடுத்ததாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே மிசோக்களிடம் 'த்லோம்ஙைனா' என்று ஒரு நெறி உண்டு. தன்னைப் பின்னால் வைத்து, கேட்காமலே அடுத்தவனுக்கு உதவுவது. சபை அந்த நெறிக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன்.

பி.காம். படித்தவன் கணக்குப் போடாமல் விடுவானா? ஒரு பிடி 50 கிராம் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 100 கிராம். வருடத்துக்கு 36.5 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் 1,460 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது பெரிய சுமை இல்லை. ஒரு லட்சம் குடும்பம் போட்டால் 14 கோடியே 60 லட்சம்! எந்த ரெக்கரிங் டெபாசிட்டும் பக்கத்தில் நிற்காது :-)

நமக்கும் இது அந்நியமில்லை. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்று சொல்லி வீடு வீடாக ஏழைகளுக்கு எடுத்துவைக்கச் செய்தார். எங்கள் நெல்லைப் பக்கம் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் மக்களின் காணிக்கையில் நடத்துவது என்பதுதான் தீர்மானம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்நின்றார். மறுவருடமே தெலுங்கு நாட்டு தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம்மை உறுத்துவது வேறு. நம் பிள்ளைகள் உண்டியலில் போடுவது அப்பா அந்த நிமிடம் எடுத்துக்கொடுக்கும் நோட்டு. அதனால் அவர்கள் தட்டில் ஒன்றும் குறைவதில்லை. ஐஸ்வாலில் எங்கள் வீட்டுக்கார அம்மாவின் நாலு வயதுப் பேரன், பாட்டி அளந்த அரிசியில் கை விட்டு, சிந்தச் சிந்த எடுத்துப் போடுவான். அந்த வேளைச் சோற்றில் அது குறையும் என்று அவனுக்குத் தெரியும். என் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நம்ம வீட்ல ஏன்ப்பா இது இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

இப்போது கௌஹாத்திக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். சமையல் மேடையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பது மகளின் பொறுப்பு. போன மாதம் அடுக்ககக் காவலாளி வீட்டுக்குப் போனது. இந்த மழைக்கு அரிசியில் வண்டு விழுந்து, இரண்டு தடவை வெயிலில் காயவைத்தாயிற்று.