லெதர் பூட்ஸ் வாங்கப் போகிறீர்களா? 'ஜெனுயின் லெதர்' முத்திரை சொல்லாத விஷயங்கள் என்னென்ன?

டெல்லியில் ஜனவரி மாத அதிகாலையில் வெப்பநிலை சராசரியாக 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதே நாள் மதியம் 20 டிகிரி வரை ஏறிவிடும். காலையில் மூடுபனிக்குள் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடப்பவர், பதினோரு மணிக்கு ஆபிஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். வேலைக்காக டெல்லி, குருகிராம், நொய்டா பக்கம் குடிவந்த தமிழர்கள் பலருக்கு ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் வாங்கிய பிறகுதான் காலின் நினைவே வரும். அப்போது தேடுவது, குளிரும் தாங்க வேண்டும், ஆபிஸுக்கும் பொருந்த வேண்டும் என்கிற மாதிரி ஒரு ஜோடி லெதர் பூட்ஸ்.

கடைக்குப் போனால் 1,800 ரூபாய்க்கும் பூட்ஸ் இருக்கிறது, 12,000 ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டிலும் 'ஜெனுயின் லெதர்' என்று அச்சிட்டிருக்கலாம். அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு? உங்களுக்கு அது தேவைதானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஜெனுயின் லெதர்' என்றால் நல்ல தோல்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது விலங்கின் தோலிலிருந்து வந்தது. தோலின் எந்தப் பகுதி, எவ்வளவு தரம் என்பதை அது சொல்வதில்லை.

மாட்டுத் தோல் தடிமனானது. அதைக் கிடைமட்டமாக இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். முடி இருந்த மேல்பக்கத்தில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வலு அங்கேதான் இருக்கிறது. கீழே போகப்போக நார்கள் தளர்ந்துவிடும்.

ஃபுல் கிரெய்ன்: மேல் அடுக்கை உரசாமல், தழும்பு, துளைகளோடு அப்படியே பயன்படுத்துவது. அதிகம் உழைக்கும். விலையும் அதிகம்.

டாப் கிரெய்ன் அல்லது கரெக்டட் கிரெய்ன்: மேல் அடுக்கைத்தான் எடுப்பார்கள். ஆனால் குறைகள் தெரியாமலிருக்க லேசாக உரசி, மேலே பூச்சு கொடுப்பார்கள். ஆபிஸ் ஷூக்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஸ்ப்ளிட்: மேல் அடுக்கைப் பிரித்தபின் மிஞ்சும் கீழ் அடுக்கு. இதன்மேல் தடிமனாக பிளாஸ்டிக் பூச்சு பூசி, தோல் மாதிரியே கோடுகளை அச்சு குத்திவிடலாம். இதுவும் 'ஜெனுயின் லெதர்' என்றே விற்கப்படும்.

பாண்டட் லெதர்: தோல் துண்டு துணுக்குகளை அரைத்து, பசையோடு சேர்த்துத் தகடாக்குவது. கொஞ்ச நாளில் உரிய ஆரம்பித்துவிடும்.

பியூ லெதர், 'வீகன் லெதர்' என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் துணிமேல் பிளாஸ்டிக் பூசியவை. நம் ஊரில் ரெக்ஸின் என்று சொல்கிறோமே, அந்த வகைதான்.

கடையில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசனையை நம்பாதீர்கள். தோல் வாசனையைச் செயற்கையாகவும் சேர்க்க முடியும். இந்த நான்கையும் பாருங்கள்.

ஒன்று, பூட்ஸின் மேல்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறையும். தடிமனான பூச்சு இருந்தால் சுருக்கம் விழாமல் பலகை மாதிரி மொத்தமாக அமுங்கும்.

இரண்டு, நாக்குப் பகுதியிலோ கழுத்துப் பகுதியிலோ மடிக்காமல் விட்ட ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும். ரெக்ஸின் என்றால் பிளாஸ்டிக் படலமும் கீழே துணியும் தனித்தனியாகத் தெரியும்.

மூன்று, மேற்பரப்பின் துளைகள். இயற்கைத் தோலில் அவை ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு.

நான்கு, சோலிலோ உள்ளேயோ ஒட்டியிருக்கும் சின்னங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி போடப்படும் இவற்றை, ஏற்றுமதிக்கும் சேர்த்துத் தயாரிக்கும் நிறுவனங்களின் பூட்ஸ்களில் இங்கேயும் பார்க்கலாம். விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல். அதே வடிவத்துக்குள் ஒரு சிறிய டைமண்ட் இருந்தால் பூச்சு கொடுத்த தோல். வெறும் டைமண்ட் என்றால் தோலோ துணியோ அல்லாத வேறு பொருள். பின்னல் வலை போல இருந்தால் துணி. மேல்பகுதி, உட்புறம், சோல் மூன்றுக்கும் தனித்தனிச் சின்னம் இருக்கும். மூன்றையும் பாருங்கள். மேல்பகுதி தோலாகவும் உட்புறம் பிளாஸ்டிக்காகவும் இருந்தால் மதியத்துக்குள் கால் வியர்த்துவிடும்.

உட்புறத்தில் கம்பளி ரோமம் வைத்த பூட்ஸ் குளிருக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். பனி பெய்யும் சிம்லா, ஸ்ரீநகருக்கு அது சரி. மதியம் 20 டிகிரிக்கு ஏறும் டெல்லியில், நாள் முழுக்க ஆபிஸுக்குள் இருப்பவருக்கு அது தொல்லை. தோல் உட்புறம் உள்ள பூட்ஸும் கம்பளி சாக்ஸும் போதும். சாக்ஸைக் கழற்றி மாற்றலாம். ரோமத்தைக் கழற்ற முடியாது.

சோல் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது?

பூட்ஸின் விலையைத் தோலுக்கு அடுத்தபடி ஏற்றுவது இதுதான். நான்கு முறைகள் உண்டு.

வார்ப்பு: அச்சுக்குள் மேல்பகுதியை வைத்து, பியூவை நேரடியாக ஊற்றிச் சோலை உருவாக்குவது. எடை குறைவு, விலையும் குறைவு. தேய்ந்தால் மாற்றுவது கடினம்.

பசை ஒட்டு: தனியாகச் செய்த சோலைப் பசையால் ஒட்டுவது. பெரும்பாலான ஆபிஸ் ஷூக்கள் இந்த ரகம்தான். நல்ல பசை என்றால் பல வருஷம் நிற்கும். ஓரம் விட்டால் பக்கத்துத் தெரு மோச்சியே ஒட்டித் தைத்துவிடுவார்.

பிளேக் தையல்: மேல்பகுதி, உள்சோல், வெளிச்சோல் மூன்றையும் ஒரே தையலில் சேர்ப்பது. உள்ளே இருக்கும் அட்டையைத் தூக்கிப் பார்த்தால் தையல் வரிசை தெரியும்.

குட்இயர் வெல்ட்: மேல்பகுதியைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பது. சோல் தேய்ந்தால் மேல்பகுதியைத் தொடாமலே கழற்றி, புதுச் சோல் போடலாம். கூடுதல் விலை இந்த வசதிக்காகத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அழகுக்காக மட்டும் ஓரத்தில் தையல் போட்டு வெல்ட் மாதிரி காட்டும் பூட்ஸ்கள் நிறைய. திருப்பிப் பாருங்கள். உண்மையான தையல் சோலின் அடிப்பக்கத்திலும், பெரும்பாலும் ஒரு பள்ளத்துக்குள், தெரியும். மேலே மட்டும் தையல் இருந்து, கீழே எதுவும் தெரியவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள்.

சோலின் பொருளையும் கேட்கணும். ரப்பர் கொஞ்சம் கனம். ஆனால் பனி ஈரம் படிந்த நடைபாதையிலும் மெட்ரோ ஸ்டேஷன் கிரானைட் தரையிலும் பிடிமானம் தரும். தோல் சோல் ஈரமான தரையில் வழுக்கும். பியூ லேசானது, மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் பட்டு வேதிமாற்றம் அடைந்து, சில வருஷங்களில் அது பொடிப்பொடியாக உதிரக்கூடும். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இது நடக்கும். 'நாலு தடவைதான் போட்டேன், சோல் உதிர்ந்துபோச்சு' என்ற புலம்பலுக்குப் பின்னால் இருக்கும் காரணம் பெரும்பாலும் இதுவே. அதனால் எப்போது தயாரித்தது என்று பெட்டியில் பார்க்காமல் பழைய ஸ்டாக் பியூ பூட்ஸை ஆஃபரில் வாங்காதீர்கள்.

சைஸ் சரியாக இருந்தும் கால் ஏன் வலிக்கிறது?

இந்தியாவில் நாம் கேட்டு வாங்கும் 7, 8, 9 என்பதெல்லாம் பிரிட்டிஷ் அளவுமுறை. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். அது பாதத்தின் நீளத்தைச் சொல்லும். அகலத்தைச் சொல்லாது.

சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர்களைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதில் தெரிந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. பாரத் என்பதன் முதலெழுத்து அது.

அகலம் போதாத பூட்ஸ் வாங்குபவர்கள் ஒரு சைஸ் கூட்டி எடுப்பார்கள். விரல் பக்கம் சரியாகும். குதிகால் பக்கம் லூஸாகி, உரசிக் கொப்புளம் வரும். சரியான வழி, சைஸைக் கூட்டுவதைவிட அகலமான முன்பகுதி உள்ள மாடலைத் தேடுவது.

போட்டுப் பார்க்கும்போது கவனிக்க:

மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும்.

குளிர்காலத்தில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸை எடுத்துச் செல்லுங்கள்.

நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும்.

நீங்கள் காலை மடக்கும் இடத்திலேயே பூட்ஸும் மடங்க வேண்டும்.

'போடப்போட லூஸாகும்' என்று விற்பவர் சொல்வது பாதிதான் உண்மை. தோல் அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது.

ஆபிஸுக்கு எந்த மாடல்?

பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த செல்சி பூட்ஸ், வீடு, கோயில் என்று அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு வசதி. ஃபார்மல் பேன்ட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அகலமான பாதத்துக்கு அதில் தளர்த்த வழியில்லை. வருஷங்கள் போனால் எலாஸ்டிக்கும் தொய்யும். லேஸ் வைத்த டெர்பி பூட்ஸில் தேவைக்கேற்ப இறுக்கலாம், தளர்த்தலாம். இரண்டு மூன்று கண்ணிகள் மட்டும் உள்ள சக்கா பூட்ஸ், ஃபார்மல் கட்டாயமில்லாத ஆபிஸ்களுக்குப் பொருந்தும். ஹீல் வைத்தது வேண்டும் என்றால், 3-4 சென்டிமீட்டர் உயரத்தில் அகலமான ஹீல் மெட்ரோ படிக்கட்டுக்குப் பாதுகாப்பு. முதல் ஜோடி என்றால் கறுப்பு அல்லது அடர்பிரவுன் எல்லா உடைக்கும் போகும்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

'நல்ல பூட்ஸ் வாங்கினால் கடைசியில் லாபம்தான்' என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எல்லோருக்கும் பொருந்தாது. கீழே உள்ள விலையும் ஆயுளும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

டெல்லியில் பூட்ஸ் தேவைப்படும் காலம் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, சுமார் 15 வாரம். வாரம் 5 நாள் என்றால் வருஷத்துக்கு 75 நாள்.

2,000 ரூபாய் ரெக்ஸின் பூட்ஸ் இரண்டு குளிர்காலம் வந்தால், 150 நாள். ஒரு நாளுக்குச் சுமார் 13 ரூபாய்.

4,500 ரூபாய்க்கு டாப் கிரெய்ன் தோல், ஒட்டிய ரப்பர் சோல். நான்கு குளிர்காலம் வந்தால், 300 நாள். ஒரு நாளுக்கு 15 ரூபாய்.

9,000 ரூபாய்க்கு ஃபுல் கிரெய்ன், குட்இயர் வெல்ட். ஆறு குளிர்காலம், இடையில் ஒரு தடவை சோல் மாற்ற 1,500 ரூபாய். 450 நாளுக்கு 10,500 ரூபாய், ஒரு நாளுக்குச் சுமார் 23 ரூபாய்.

ஆக, குளிர்காலத்துக்கு மட்டும் போடுபவருக்கு மூன்றாவது ஜோடியால் லாபம் இல்லை. இரண்டாவதுதான் சரியான இடம். ரெக்ஸினைவிட ஒரு நாளுக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, வியர்க்காத, உரியாத பூட்ஸ் கிடைக்கிறது.

அதே மூன்றாவது ஜோடியை வருஷத்துக்கு 200 நாள் போடுபவருக்குக் கணக்கு மாறுகிறது. ஐந்து வருஷத்தில் 1,000 நாள். இரண்டு தடவை சோல் மாற்றினாலும் மொத்தம் 12,000 ரூபாய். ஒரு நாளுக்கு 12 ரூபாய். மூன்றிலும் இதுவே குறைவு. வெல்ட் பூட்ஸுக்குக் கொடுக்கும் பணம் திரும்புவது, நிறைய நடந்து சோலைத் தேய்ப்பவருக்குத்தான்.

வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு 5% ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18%. வரிக்கு முந்தைய மதிப்பு 2,500 என்றால் நீங்கள் கொடுப்பது 2,625 ரூபாய். மதிப்பு 2,600 என்றால் 3,068 ரூபாய். மதிப்பில் 100 ரூபாய் கூடினால் கையிலிருந்து 443 ரூபாய் கூடுதலாகப் போகிறது. 2,500-ஐ ஒட்டிய விலையில் வாங்குபவர்கள் பில்லை ஒரு தடவை பாருங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் வெளிநாட்டு பிராண்டுகளுக்கான காலணிகள் தயாராகின்றன. ஆம்பூர்க் கடைகளில் தோல் ஷூக்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். ஆனால் ஏற்றுமதியில் மிஞ்சியது என்று விற்பதை வாங்கினால், ஐரோப்பியப் பாதத்துக்கான அச்சில் செய்ததாக இருக்கலாம். இரண்டு கால்களிலும் போட்டு நடந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

வாங்கியாச்சு. எப்படிப் பார்த்துக்கொள்வது?

டெல்லியில் மழையைவிடத் தூசிதான் எதிரி. மடிப்புகளில் சேரும் தூசி உப்புத்தாள் மாதிரி தோலை உரசும். தினமும் வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். உள்ளே இறங்கிய வியர்வை காய ஒரு நாள் வேண்டும்.

நனைந்தால் ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது. தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். மாதம் ஒரு முறை லெதர் க்ரீம் போதும். பாலிஷ் பளபளப்புக்கு, க்ரீம் தோல் காயாமலிருக்க. கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நிறம் கறுத்து, தூசியும் ஒட்டும்.

மார்ச்சில் எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால், ஜூலை ஆகஸ்ட் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, க்ரீம் தடவி, துணிப்பையில் வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

மொத்தத்தில், கடைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: இதை வருஷத்தில் எத்தனை நாள் போடுவேன்? 75 என்றால் நல்ல தோலுக்கும் சரியான அளவுக்கும் பணம் கொடுங்கள், சோல் ஒட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை. 200 என்றால் சோலைத் தையலோடு வாங்குங்கள்.