கேள்வி ஞானம்

நம் பத்திரிகைகளில் கவிதை விமர்சனம் எழுதுகிறவர்கள் ஓசை, லயம், சுருதி என்ற மூன்று வார்த்தைகளை மிகத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது, ஒரு கவிதையின் கடைசி வரிகளில் சுருதி விலகிவிட்டது என்று எழுதினேன். கவிஞர் நண்பர்தான். அடுத்த முறை பார்த்தபோது கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சுருதி விலகினா உங்களுக்குத் தெரியுமா?” கவிதையில் அல்ல, பாட்டில். தெரியாது என்பதுதான் உண்மை. ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினால் எது எது என்று அன்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் தமிழிசை பற்றிய சர்ச்சைகளில் எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. சுருதி இருபத்திரண்டா இருபத்திநாலா என்பதில்கூட ஒரு கட்சி இருந்தது. காதில்லாமல் கட்சி எடுக்க முடிகிறது என்பது நம் சூழலின் விசேஷம்.

நான் குடியிருக்கும் அம்பத்தூரில், தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மார்கழி பஜனைக்கு ஹார்மோனியம் வாசிப்பார். அவரிடம் போனேன். இந்த வயதில் காது பழகுமா என்று கேட்டதற்கு, “மிஷின்ல பேரிங் போயிருந்தா தூரத்துலயே எனக்குச் சத்தத்துல தெரியும் சார். பொறக்கும்போதே தெரிஞ்சிக்கிட்டா வந்தேன்?” என்றார். முதல் மூன்று மாதம் ஸரளி வரிசைகூடக் கிடையாது. தம்புராவைப் போட்டுவிட்டு ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம். இவ்வளவுதான். பாடு, நிறுத்து, கேள்.

கேட்க வேண்டியது என்ன என்பதை அவர் ஹார்மோனியத்தில் காட்டினார். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்தினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய துடிப்பு எழுந்து அடங்கி எழுகிறது. இயற்பியல் பாடப் புத்தகம் இதை விம்மல் என்று சொல்லும். நன்றாகச் சேர்த்த தம்புராவில் அந்த விம்மல் இல்லை. இதைக் கேட்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. கேட்ட பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. காரணம் எளிய கணக்கு. தந்தியின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் சுத்தமான பஞ்சமம் பிறக்கிறது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாக வகுத்தால் அது 702ஆவது சென்ட்டில் விழும். பன்னிரண்டு சம வீடுகளாகப் பிரித்த ஹார்மோனியத்தின் பஞ்சமம் 700இல் நிற்கிறது. நடு ஸ்தாயியில் இந்த இரண்டு சென்ட் வித்தியாசம் விநாடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவான விம்மலாகக் கேட்கிறது.

இந்த இடத்தில்தான், படிக்காமலே கட்சி எடுத்திருந்த ஆபிரகாம் பண்டிதரைப் படிக்க ஆரம்பித்தேன்.

பண்டிதர் 1859இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு தஞ்சாவூரில் சித்த வைத்தியத்தில் பேரெடுத்தவர். கிறிஸ்தவர். சங்கீதப் பரம்பரையில் வந்தவரல்ல. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, சொந்தச் செலவில் தஞ்சையில் மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குத் தம் வீட்டுப் பெண்களை அழைத்துச் சென்று தம் கொள்கையை வீணையில் நிரூபித்துக் காட்ட முயன்றார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919இல் இறந்துபோனார்.

அந்தப் பெரிய புத்தகத்தின் மையமான வாதம் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் சாரங்கதேவர் முதற்கொண்டு சொல்லிவரும் இருபத்திரண்டு சுருதி தவறு. சிலப்பதிகாரத்தின் வட்டப்பாலையில் பன்னிரண்டு ராசி வீடுகள். வீட்டுக்கு இரண்டு அலகாக இருபத்திநாலு. குரல் நாலு, துத்தம் நாலு, கைக்கிளை மூன்று, உழை இரண்டு, இளி நாலு, விளரி மூன்று, தாரம் இரண்டு என்று தமிழ் மரபே சொல்லும் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இருபத்திரண்டுதான் வருகிறது. அது இரண்டு அலகைக் குறைத்துப் பாடிய முறை என்று சமாதானம் சொல்கிறார்.

இந்தச் சமாதானம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் கணக்கைக் காதால் சோதித்துப் பார்க்கலாம். இருபத்திரண்டையும் சமமாகக் கொண்டால் பதின்மூன்றாவது சுருதியில் விழும் பஞ்சமம் 709 சென்ட். சுத்தப் பஞ்சமத்தைவிட ஏழு சென்ட் அதிகம். நடு ஸ்தாயியில் விநாடிக்கு மூன்று விம்மல். யாரும் அப்படித் தம்புரா சேர்க்க மாட்டார்கள். இருபத்திநாலில் பதினாலாவது சுருதி 700 சென்ட். வித்தியாசம் இரண்டுதான். ஆக, சமமான சுருதிகள் என்ற எல்லைக்குள் பண்டிதரின் எண்ணே காதுக்கு அருகில் இருக்கிறது. ஆனால் சுருதிகள் சமமாக இருக்கவேண்டும் என்று காது சொல்லவில்லை. அதைப் பண்டிதர் வட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார். சுத்தப் பஞ்சமமாகவே பன்னிரண்டு முறை ஏறினால் வட்டம் மூடுவதில்லை. ஏழு ஸ்தாயிகளைத் தாண்டி ஏறக்குறைய 23 சென்ட் மிஞ்சிப்போகிறது. பிதாகரஸ் பெயரால் மேற்கே வழங்கும் பழைய சங்கடம் இது. வட்டம் மூடியாக வேண்டும் என்பதற்காகப் பண்டிதர் ஒவ்வொரு பஞ்சமத்திலும் இரண்டு சென்ட்டை விட்டுக்கொடுத்தார். ஹார்மோனியம் செய்தவர்களும் அதையேதான் செய்தார்கள்.

விபுலானந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூல்’ எழுதியபோது மறுபடியும் இருபத்திரண்டுக்கே போனார், ஆனால் சமமில்லாத இருபத்திரண்டுக்கு. ஈழத்திலிருந்து வந்தவர், விஞ்ஞானம் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். திருக்கொள்ளம்புதூரில் நூல் அரங்கேறிய சில வாரங்களில் காலமானார். இதற்கிடையில் 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. அந்தத் தடை முப்பது வருஷம் நீடித்தது. என் ஆசிரியர் கையிலிருந்த பெட்டியின் இரண்டு சென்ட்டுக்கு இவ்வளவு சரித்திரம் உண்டு.

நாலாவது மாதம் அவர் வேறொரு பயிற்சி கொடுத்தார். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசிக்க வேண்டும். கறுப்பைத் தொடக்கூடாது. ஆதார சுருதியை மட்டும் ஒவ்வொரு கட்டையாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டையை ஸட்ஜமாக வைத்தால் அரிகாம்போதி. அதன் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் நடபைரவி. மத்தியமத்தை ஆக்கினால் சங்கராபரணம். பஞ்சமம் கரகரப்பிரியா, தைவதம் தோடி, நிஷாதம் கல்யாணி. காந்தாரத்தில் மட்டும் சுத்தமான பஞ்சமம் கிடைக்காமல் உடைந்துபோகிறது. கட்டைகள் அதேதான். எதை வீடு என்று காது ஒப்புக்கொள்கிறதோ அதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடுகிறது.

செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்று சிலப்பதிகார உரையில் நான் பட்டியலாகப் படித்துக் கடந்துபோனது இதுதான். செம்பாலை அரிகாம்போதி என்று இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஒப்புகிறார்கள். பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் மில்டனுக்காக டோரியன், லிடியன் என்று அடிக்குறிப்புகளை மனப்பாடம் செய்திருந்தேன். இன்று மேற்கத்தியப் பாடத்தில் டோரியன் என்று வழங்கும் வரிசை கரகரப்பிரியா என்பதை ஒரு ஃபிட்டர் கட்டையில் விரல் வைத்துக் காட்டும்வரை எனக்குத் தெரியாது. இரண்டு மொழி இலக்கியத்திலும் எனக்கு இருந்தது கண் ஞானம்.

எழுத்து மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் சாட்சிகள் இருக்கின்றன. புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினது என்று கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. மாணவர்களின் நன்மைக்காக ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் செய்தது என்று அதுவே சொல்கிறது. அதாவது பாறையில் வெட்டிய பாடப் புத்தகம். ஏழு பகுதிகள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அ, இ, உ, எ என்று நாலு உயிர் வேறுபாடு. அந்த உயிரெழுத்துக்கள் எந்த ஒலி நுட்பத்தைக் குறித்தன என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எழுத்து அழியவில்லை. அதைப் பாடிக் காட்டிய வாத்தியாரின் தொண்டை போய்விட்டது.

மற்றது திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து தேவாரம் மீட்கப்பட்டது. சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரில் கண்டு, அவள் வாயிலாகப் பண்களை வகுத்தார்கள். கதை எவ்வளவு சரித்திரம் என்பது இருக்கட்டும். சோழ அரசனும் நம்பியாண்டார் நம்பியும் ஒரு பாணர் குலப் பெண்ணின் காதை நம்பி நிற்கவேண்டியிருந்தது என்று பதினாலாம் நூற்றாண்டில் சைவர்களே எழுதிவைத்தார்கள் என்பது முக்கியம். 1949 முதல் தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடத்தியபோதும், எந்தப் பண் எந்த ராகம் என்ற கேள்வியில் ஓதுவார்களின் வாய்வழிப் பாட்டைச் சாட்சியாகக் கேட்காமல் நகரமுடியவில்லை.

இந்தக் கேள்வி எங்கள் ரயில் பாதையை ஒட்டியே இருக்கிறது. அம்பத்தூரைச் சுற்றி மூன்று பாடல் பெற்ற தலங்கள். பாடியிலுள்ள திருவலிதாயத்துக்குச் சம்பந்தர் பாடியது நட்டபாடை. திருவேற்காட்டுக்கு அவரே பாடியது பழந்தக்கராகம். ஆவடிக்குப் போகும் வழியில் உள்ள வடதிருமுல்லைவாயிலுக்குச் சுந்தரர் பாடியது தக்கேசி. ஓதுவார் மரபில் தக்கேசி காம்போதியாகப் பாடப்படுகிறது.

முல்லைவாயில் பதிகத்தை நான் கல்லூரி நாளிலிருந்து படித்திருக்கிறேன். சங்கிலியைப் பிரியேன் என்று சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தார். கண்ணில்லாமல் நடந்துவந்து அவர் பாடிய முதல் ஊர்களில் ஒன்று முல்லைவாயில். பிறகுதான் வெண்பாக்கம், அங்கே ஊன்றுகோல் கிடைத்தது என்கிறது பெரிய புராணம். இவ்வளவும் எனக்குத் தெரியும். தக்கேசி என்று பதிகத் தலைப்பில் அச்சிட்டிருப்பதும் தெரியும். விலாசத்தில் பின்கோடு மாதிரி அதை நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஆசிரியரும் நானும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே போயிருந்தோம். ஓர் ஓதுவார் பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தார். ஸட்ஜம் எது என்று பிடிக்க எனக்கு இரண்டு பாட்டு ஆயிற்று. பிறகு ஓர் இடத்தில், அதுவரை இறங்கும் வழியில் கேட்டுவந்த நிஷாதம் மாறி, ஸட்ஜத்தை ஒட்டிய வேறொரு நிஷாதம் வந்து மறைந்தது. வெளியே வந்து கேட்டேன். “அது காகலி நிஷாதம். காம்போதியில அந்தப் பிடியில மட்டும் வரும். உங்க ஏழு கட்டைக்குள்ள அது இல்ல” என்றார். அரிகாம்போதியின் ஏழு ஸ்வரங்களுக்குள் அடங்காத அதைக் கணக்கு எனக்குச் சொல்லியிருக்காது. ஆனால் கணக்கில்லாவிட்டால், அடங்காதது எது என்றும் எனக்குக் கேட்டிருக்காது.

சொல்ல வந்தது இதுதான். நம்மிடையே ஒரு கட்சி ரசனையே போதும் என்கிறது. எனக்குக் கேட்கிறது, உனக்குக் கேட்கவில்லை என்பதோடு வாதம் முடிந்துவிடும். பரம்பரைச் சங்கீதக்காரர்கள் தஞ்சாவூர் வைத்தியரிடம் இந்தப் பதிலைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு கட்சி கோட்பாடே போதும் என்று வட்டத்தை வரைந்து, அது மூடுவதற்காகக் காதை இரண்டு சென்ட் நகர்ந்து நிற்கச் சொல்கிறது. பண்டிதரிடம் எனக்கு இன்று மதிப்பு கூடியிருப்பது அவர் எண் சரி என்பதால் அல்ல. தாம் கேட்டதை யாரும் சோதித்துப் பார்க்கக்கூடிய கணக்காக்கி, அதை வீணையோடு பரோடா வரை எடுத்துச்சென்று சபை முன் வைத்தார். அதனால்தான் நூறு வருஷம் கழித்து அம்பத்தூரில் ஒருவன் அவர் எங்கே விட்டுக்கொடுத்தார் என்று கேட்டுச் சொல்ல முடிகிறது.

நண்பரின் அந்தக் கவிதையை மறுபடி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படித்துப் பார்த்தேன். கடைசி வரிகள் விலகவில்லை. அவை வேறொரு ஸட்ஜத்துக்கு மாறியிருந்தன. மாறும் இடமும் இருந்தது, முந்தைய பத்தியின் நடுவில் ஒரு வினைச்சொல்லில். நான் அங்கே பழைய வீட்டிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். மதிப்புரையை இனித் திருத்த முடியாது. அவரிடம் போய்ச் சொன்னேன். “எந்த வினைச்சொல்?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாம் மூன்று முறை அடித்து எழுதிய இடம் அது என்றார்.