பவுணும் ஸ்கின்னும்: கொழும்பில் அலங்காரத்துக்கு விலை வைத்த வரலாறு

அழகுக்காக மட்டுமே வாங்கப்படும் பொருளுக்கு எது நியாயமான விலை என்ற கேள்வி கொழும்பில் இரண்டு சந்தைகளில் எழுந்திருக்கிறது. ஒன்று, புறக்கோட்டைச் செட்டியார் தெருவின் பொன் நகைச் சந்தை. மற்றது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளின் கைபேசிகளுக்குள் நடக்கும் இணைய விளையாட்டுச் சந்தை. விளையாட்டில் வரும் உருவத்துக்கான உடை, துப்பாக்கிக்கான வண்ணப் பூச்சு, ஆட்ட அசைவுகள் ஆகியவையே அங்கு விலைபோகின்றன. 'ஸ்கின்' என்ற பெயரே அவற்றில் பலவற்றுக்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலும் இவற்றால் ஆட்டத்தில் பலம் கூடுவதில்லை; தோற்றம் மட்டுமே மாறும். அவற்றின் விலை நியாயமா என்பதை எடைபோட, அலங்காரத்துக்கு விலை வைக்கும் பழைய முறை எப்படி இயங்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செட்டியார் தெரு, ஆங்கிலப் பெயரில் சீ ஸ்ட்ரீட், கொட்டாஞ்சேனையை ஒட்டி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கு தங்கள் கிட்டங்கிகளை (வணிக நிலையங்களை) நிறுவினார்கள். அரிசி, துணி இறக்குமதியோடு, வங்கிகள் கடன் தர மறுத்த உள்ளூர் வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கொடுப்பதே அவர்களது பெருந்தொழில். பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும் இத்தெருவில்தான் உள்ளன. ஆடிவேல் விழாவில் இங்கிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போவது நெடுங்கால வழக்கம். 1925இல் ஏற்பட்ட கடன் நெருக்கடிக்குப் பிறகு ஆங்கிலேய வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் தருவதைச் சுருக்கின. 1934இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் வழியே 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. கடன் தொழில் தளர்ந்த பின்னரும் தெருவின் பெயர் மாறவில்லை. இன்று அது நகைக்கடைகளின் தெரு.

இங்கு விலை பல கூறுகளாகச் சொல்லப்படும். முதலாவது பொன்னின் பெறுமதி. எட்டு கிராம் ஒரு பவுண். நகைக்கு வழக்கமாகப் பயன்படும் 22 கரட் பொன்னில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். இரண்டாவது சேதாரம்: பத்தர் உருக்கி, அராவி, மெருகிடும்போது குறையும் பொன்னுக்கான ஈடு. மூன்றாவது செய்கூலி. அன்றைய பவுண் விலை எல்லாருக்கும் தெரியும். தராசு கண்முன்னே இருக்கும். ஆகவே நகை வாங்கும் குடும்பம் பேரம் பேசுவது பெரும்பாலும் கூலியிலும் சேதாரத்திலும்தான். ஒரு கடையின் கூலி கூடுதலாகத் தோன்றினால் அடுத்த கடைப்படி நாலு எட்டில் இருக்கிறது.

இந்த முறையிலும் குறைகள் இருந்தன. கல் பதித்த நகையில் கல்லின் எடையையும் பொன்னோடு சேர்த்து நிறுப்பது, மாற்றுக் குறைந்த பொன்னைக் கலப்பது, இயந்திரத்தில் அச்சடித்த நகைக்கும் கைவேலை நகைக்குரிய சேதாரத்தைக் கேட்பது ஆகியவை பழைய முறைப்பாடுகள். விற்கப் போகும்போது கூலியும் சேதாரமும் திரும்பி வராது. ஆனாலும் பொன்னின் பங்கு திரும்பி வரும். அரச வங்கிகளும் தனியார் அடகுக் கடைகளும் அதை ஏற்றுப் பணம் தந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் செட்டியார் தெருக் கடைகள் எரிக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டன. வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளும் தாக்கப்பட்டன. வீடும் கடையும் போனவர்களிடம் கழுத்திலும் கையிலும் மிஞ்சிய பவுண்கள், அலங்காரம் எப்படிச் சேமிப்பாகவும் இருந்தது என்பதைக் காட்டின. நகைக்குக் கொடுத்த விலை நியாயம் என்று பலர் ஏற்றதற்கு இந்த மறுவிற்பனைப் பெறுமதி முக்கியக் காரணம்.

பொன் இல்லாத அலங்காரமும் புறக்கோட்டையில் உண்டு. கவரிங் நகைக்கு மறுவிற்பனைப் பெறுமதி ஏறக்குறைய இல்லை. அதன் விலையில் பெரும்பங்கு தோற்றத்துக்கே. ஆனால் ஒரே மாதிரி அட்டியலைப் பல கடைகள் விற்பதால் போட்டி அதன் விலையைத் தாழ்வாகவே வைத்திருக்கிறது. ஆக, பழைய சந்தையில் வாங்குபவருக்கு இரண்டு காவல்கள் இருந்தன: பொன் நகையில் உள்ளிருக்கும் உலோகம், கவரிங்கில் விற்பவரிடையேயான போட்டி. இணைய விளையாட்டு அலங்காரத்தில் இரண்டில் எதுவுமே இல்லை.

இலங்கையில் வணிக இணையம் 1995இல் வந்தது. வெளிநாடுகளில் குடியேறிய உறவினரோடு பேசுவதற்காக வெள்ளவத்தை காலி வீதியில் பெருகியிருந்த 'கொமியூனிகேஷன்' கடைகள் பல, அடுத்த ஆண்டுகளில் கணினிகளையும் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டன. அயலிலுள்ள பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கணினிச் சாமான்களுக்கும் விளையாட்டு இறுவட்டுகளுக்கும் பேர் போனது. அந்தக் காலத்துக் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' விளையாட்டில் துப்பாக்கிக்குப் புதிய தோற்றம் வேண்டுமானால், யாரோ ஓர் ஆட்டக்காரர் ஆக்கி இணையத்தில் போட்ட கோப்பை எடுத்து உரிய கோப்புறையில் வைத்தால் போதும். காசு வேண்டாம். ஆனால் அந்த அழகு வைத்தவரின் திரையில் மட்டுமே தெரியும். பிறர் பார்க்கும் அழகுக்குத்தான் பின்னர் விலை வந்தது.

விலை வைத்த வரலாறு கொழும்புக்கு வெளியே தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் தென்கொரியாவின் நெக்சன் போன்ற நிறுவனங்கள், விளையாட்டை இலவசமாகத் தந்து அதற்குள் பொருள் விற்கும் முறையை வளர்த்தன. 2006இல் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' விளையாட்டில் குதிரைக் கவசம் ஒன்றை 2.50 டொலருக்கு விற்றபோது, முழு விளையாட்டையும் காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2009இல் வந்த 'லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்' உருவங்களின் உடையை விற்றே வளர்ந்தது. 2013 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் புதிய பதிப்பில் விலைக்குரிய துப்பாக்கிப் பூச்சுகளைச் சேர்த்தது. 2017இல் 'ஃபோர்ட்நைட்', 'ஃப்ரீ ஃபயர்' ஆகியவற்றின் வருகையோடு இம்முறை சிறுவர் உலகின் பொது வழக்கமாயிற்று.

கொழும்பில் இதற்கான பாதையைக் கைபேசி அமைத்தது. 2006இல் மூன்றாம் தலைமுறை வலையமைப்பும் 2013இல் நான்காம் தலைமுறை வலையமைப்பும் வந்தன. 2018இல் 'பப்ஜி மொபைல்' விளையாட்டு வெளியானது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, தனிக் கைபேசி பல பிள்ளைகளின் கைக்கு வந்தது. வகுப்புக்கு வந்த கருவியிலேயே விளையாட்டும் வந்தது. கடன் அட்டை இல்லாத வீட்டிலும் ரீலோட் பணத்தைக் கொண்டு செயலிக் கடைக்குக் கட்டணம் செலுத்தும் வசதி, வாங்குவதற்கு இருந்த கடைசித் தடையையும் தளர்த்தியது.

விலையின் நியாயம் பற்றிய முதற்கேள்வி நாணயத்தைச் சார்ந்தது. 2020 ஜூலையில் 'வலோரன்ட்' விளையாட்டில் எல்டர்ஃபிளேம் என்ற துப்பாக்கி அலங்காரத் தொகுதி 9,900 புள்ளிகளுக்கு வந்தது. டொலரில் ஏறத்தாழ நூறு. அன்றைய மாற்று விகிதத்தில் அது 18,000 ரூபாயைத் தாண்டும். இலங்கையில் அப்போது சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 10,000 ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டபோது, சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. பத்து டொலர்ப் பொருள் டொலரில் விலை மாறாமலே 2,000 ரூபாயிலிருந்து 3,600 ரூபாயானது. அதே மாதங்களில் பவுண் விலையும் ஏறியது. ஆனால் நகை வைத்திருந்தவரின் சொத்தும் கூடவே ஏறியது. ஸ்கின் வைத்திருந்த பெரும்பாலோருக்கு அப்படி எந்த ஏற்றமும் இல்லை.

இரண்டாவது கேள்வி விலை சொல்லும் விதம் பற்றியது. விளையாட்டுகள் பெரும்பாலும் பொருளுக்கு நேரடியாக ரூபாயோ டொலரோ சொல்வதில்லை. ஃப்ரீ ஃபயரில் டயமண்ட், பப்ஜியில் யூசி, ஃபோர்ட்நைட்டில் வி-பக்ஸ் என்று தனி நாணயம் உண்டு. அதைப் பெரும்பாலும் குறிப்பிட்ட அளவுப் பொதிகளாகவே வாங்க முடியும். பப்ஜியில் மிகச் சிறிய பொதி 60 யூசி. அதன் அடிப்படை விலை 99 அமெரிக்கச் சதம். 70 யூசி பெறும் பொருளுக்கு இரண்டு பொதிகள் வாங்க வேண்டும். மீதி ஐம்பதும் கணக்கில் கிடந்து அடுத்த வாங்கலுக்கு அழைக்கும். தராசில் நிறுத்துக் கூலியைத் தனியே சொன்ன பழைய முறைக்கு இது நேர் எதிர். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள், விளையாட்டு நாணயத்தில் சொல்லும் விலையை உண்மைப் பணத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று கொள்கைகளை வெளியிட்டன.

மூன்றாவது, பொருள் எது என்றே தெரியாமல் வாங்குவது. அதிர்ஷ்டச் சக்கரம், பெட்டி ஆகியவற்றுக்குக் காசு கொடுத்தால், விரும்பிய ஸ்கின் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அப்போது ஒரு பொருளின் உண்மை விலை, எத்தனை முறை சுழற்ற வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்தது. சீனா 2017 மே முதல் கிடைக்கும் நிகழ்தகவை வெளியிடக் கட்டாயப்படுத்தியது. பெல்ஜியம் 2018இல் சில பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. தவறுதலான வாங்கல்களுக்கு இட்டுச் சென்ற திரை அமைப்புகளுக்காக, ஃபோர்ட்நைட்டை வெளியிடும் எபிக் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு 2022 டிசம்பரில் செய்த உடன்பாட்டில் 24.5 கோடி டொலரை வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

நான்காவது, உரிமை. பெரும்பாலான விளையாட்டுகளில் வாங்கிய அலங்காரம் வாங்கியவருக்குச் சொந்தமல்ல. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. விற்க முடியாது, கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் போகும், விளையாட்டு மூடப்பட்டால் எல்லாம் போகும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் இதற்கு விலக்கு: அதன் பூச்சுகளை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விற்கலாம். ஆனால் அங்கும் பெறுமதி நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. 2025 அக்டோபரில் வால்வ், அரிய கத்திகளை வேறு பூச்சுகளைக் கொடுத்துப் பெற வழி திறந்ததும், அக்கத்திகளின் சந்தை விலை ஒரே நாளில் பெருமளவு சரிந்தது. பொன்னின் விலையும் சரிவதுண்டு. ஆனால் எந்த நகைக்கடைக்காரரும் தனியொரு முடிவால் அதைச் சரிக்க முடியாது.

விற்பவர் பக்கத்து வாதத்திலும் வலு உண்டு. விளையாட்டு இலவசம், ஒரு சதம் கொடுக்காதவரும் அதே ஆட்டத்தைப் பெரும்பாலும் அதே பலத்தோடு ஆடலாம். வழங்கிகளுக்கும் ஓவியருக்கும் நிரலருக்கும் ஆகும் செலவைக் காசு கொடுக்கும் சிறு தொகையினரே தாங்குகிறார்கள். ஒரு பிரதி கூடுதலாக விற்பதற்குச் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் முதற் பிரதியை ஆக்கும் செலவு உண்டு. நகை மொழியில் சொன்னால் ஸ்கின்னின் முழு விலையும் செய்கூலிதான். கூலி கேட்பது தவறல்ல. ஆனால் அந்தக் கூலியை ஒரே விற்பனையாளர் வைக்கிறார். 'இன்று மட்டும்' என்ற கெடுவையும் அவரே குறிக்கிறார். ஒப்பிட அடுத்த கடை இல்லை.

இலங்கைச் சட்டம் இந்தச் சந்தையை இன்னும் முழுமையாகத் தொடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வணிகர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்கிறது. அது கடைத்தெருவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் பெற்றோர் இசைவின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பெற்றோரின் கைபேசியில் நடந்த வாங்கலில் இதை நிறுவுவது எளிதல்ல. 2025இல் பெறுமதி சேர் வரிச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் இணையத்தில் விற்கும் சேவைகளையும் 18 வீத வரிக்குள் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டது. வரி அரசுக்குச் சேரும்; விலையின் தெளிவு அதனால் கூடாது.

ஆகவே ஸ்கின் விலையின் நியாயத்தைத் தொகையை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அலங்காரத்துக்கு அதிகம் கொடுப்பது கொழும்புக்குப் புதிதல்ல. ரூபாயில் சொன்ன விலை, வாங்குமுன் தெரிந்த பொருள், திருப்பிக் கொடுக்கக் கால அவகாசம் ஆகிய மூன்றும் இருந்தால் உயர்ந்த விலையும் வாங்குபவர் அறிந்து கொடுத்த கூலியாகும். இவை இல்லாத இடத்தில், சில நூறு ரூபாய்ப் பொருளையும் நியாயமான விலைக்கு விற்றதாகச் சொல்ல முடியாது.