புகை போகிற வழி

போன வருஷம் அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். அங்கே அடுப்பங்கரையில், கேஸ் அடுப்புக்கு நேர் மேலே மைக்ரோவேவ் பெட்டியைச் சுவரோடு சேர்த்து மாட்டியிருந்தார்கள். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சல்லடை, உள்ளே ஒரு விசிறி. பால் சுட வைக்கவும் அதுதான், புகை போக்கவும் அதுதான். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு.

என் மனைவி முதல் நாளே புளிக்குழம்புக்கு வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தாள். விசிறி ஊர் கேட்கும்படி ஓடுகிறது. நெடி மட்டும் வெளியே போகவில்லை. உறிஞ்சின காற்றெல்லாம் பெட்டியின் மேல் இடுக்கு வழியாகத் திரும்பி வந்து அவள் நெற்றியிலேயே அடிக்கிறது. மேலே இருந்த அலமாரியைத் திறந்தால் அதற்குள்ளும் அதே நெடி.

"டேப் வாங்கிட்டு வந்து இடுக்கையெல்லாம் ஒட்டிரலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"இருங்க மாப்பிள்ளை. ஓட்டைய அடைக்கிறதுக்கு முன்னாடி வாய் திறந்திருக்கான்னு பாக்கணும்" என்றேன்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் அப்பாவிடம் சொன்னது. அப்பா அங்கே கணக்கெழுதினார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அவரோடு மலையேறிவிடுவேன்.

ஸ்டோர் என்றால் நம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் படித்தால் மளிகைக்கடை என்று நினைத்துக்கொள்வார்கள். பச்சை ஏலக்காயைச் சூடு காட்டிக் காயவைக்கிற வீடு அது. ஏலம் ஆடி, ஆவணியில் எடுக்கத் தொடங்கினால் தை வரைக்கும் போகும். ஒரு செடியின் காயெல்லாம் ஒரே நாளில் விளையாது. மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு எடுப்பு. அந்த மாதங்களில் மலையில் மழையும் மூடுபனியும்தான், வெயிலை எங்கே தேடுவது? பறித்த காயில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். அதைப் பத்துப் பங்கு அளவுக்கு இறக்கினால்தான் பூஞ்சை பிடிக்காது. ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ தேறும்.

வெறுமனே காயவைப்பது பெரிய காரியம் இல்லை. பச்சை நிறம் போகாமல் காயவைக்க வேண்டும், அதில்தான் காசு. அரபு நாட்டுக்காரர்கள் காப்பியில் ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் குடிப்பவர்கள். அவர்களுக்குக் காய் பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த காய் வெளுத்துவிடும். திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் மலையில் விளைந்ததெல்லாம் ஆலப்புழைப் பண்டகசாலைக்குப் போய் அங்கே விற்பனையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஏகபோகம் போய் வரி வந்தது. நம் போடி, கம்பம், தேவாரத்து ஆட்கள் மேலே தோட்டம் போட்டார்கள். ஆனால் தரத்துக்கு வைத்த பெயர் இன்றும் பழைய ஊரை விடவில்லை. போடியில் உட்கார்ந்து விற்றாலும் பெரிய காய்க்குப் பெயர் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்'தான். கிரீன் என்ற சொல் பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

ஸ்டோரின் அமைப்பு எளிமையானது. கல்லோ செங்கலோ வைத்துக் கட்டிய ஓர் அறை. அடுப்பு வாய் சுவருக்கு வெளியே இருக்கும், விறகு போடுவது வெளியிலிருந்துதான். அடுப்பின் புகையும் சூடும் தகரக் குழாய் வழியாக அறைக்குள் நுழைந்து, தரையை ஒட்டிச் சுற்றி வந்து, மறுபக்கம் புகைக்கூண்டு வழியாக வெளியே போய்விடும். குழாய் சூடாகும், அந்தச் சூட்டில் அறைக் காற்று சூடாகி மேலே எழும், அடுக்கடுக்காக வைத்த தட்டுகளில் பரப்பின காய் காயும். காயிலிருந்து கிளம்பும் ஈர ஆவி சுவர் உச்சியில் இருக்கும் ஜன்னல்கள் வழியாகப் போகும். பிற்காலத்தில் அந்த இடத்தில் எக்ஸ்ஹாஸ்ட் விசிறி வந்தது. ஆக, அறைக்குள்ளே இரண்டு காற்று. புகைக் காற்று குழாய்க்குள்ளேயே வந்து குழாய்க்குள்ளேயே போக வேண்டும். ஈரக் காற்று ஜன்னல் வழியே போக வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது.

குண்டூர்ப் பக்கம் சிகரெட் புகையிலையைப் பதப்படுத்தும் கூடங்களும் இதே தத்துவத்தில் கட்டியவைதான். பெயரிலேயே புகையை வைத்திருக்கிற இலைக்குக் கூடப் புகை படாமல் காயவைக்கத்தான் இவ்வளவு பாடு. அதற்கு நேர் எதிர் சிக்கிமில் விளையும் பெரிய ஏலம். அங்கே 'பட்டி' என்று சொல்லும் அடுப்பின் மேல் காயைப் பரப்பி, கீழே விறகை எரித்து, நேரடியாகப் புகையிலேயே உலர்த்துவார்கள். பிரியாணியில் போடும் அந்தக் கறுத்த காயில் வரும் புகைவாசம் அப்படி வந்ததுதான். அங்கே குணமாக எடுத்துக்கொள்வது நம் மலையில் குற்றம்.

குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரியில் எட்டுப் பத்துத் தட்டுக் காய் பழுப்படித்துப்போனது. முகர்ந்தால் கருவாட்டுக்கூடை மாதிரி ஒரு வாசம். காரணம் அப்போது தெரியாது, பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. விறகுப் புகையில் புளிப்பான அமில ஆவி உண்டு. ஈரக்காயில் அமிலம் பட்டால் மக்னீசியம் கழன்றுவிடும், பச்சை பழுப்பாகும். சூடு மிஞ்சினாலும் இதே கதி; அதனால்தான் 50 டிகிரியை ஒட்டியே சூட்டை நிறுத்துவார்கள். ஸ்டோரில் ஏற்றுமுன் காயைச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிஷம் முக்கி எடுக்கும் பழக்கம் வந்ததும் இதற்காகத்தான். சோடா புளிப்புக்கு எதிரி.

அந்தப் பெரியவர் ஓட்டை கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். எடுப்பு தொடங்குமுன், தட்டு ஏற்றாத வெறும் ஸ்டோரில், அடுப்பில் பச்சைத் தழையைப் போட்டு எரிப்பார். புகை கட்டிகட்டியாகக் கிளம்பும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரிக்கேன் விளக்கோடு குழாயை ஒட்டிக் குனிந்து நடப்பார். எங்கே நூல் மாதிரி புகை கசிகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. பிறகு செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசுவார்.

ஒரு வருஷம் எத்தனை பூசியும் நிற்கவில்லை. ஓர் இணைப்பை அடைத்தால் அடுத்ததில் வருகிறது. அப்பா புதுக் குழாய் வாங்கக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பெரியவர்தான், "வாய் திறந்திருக்கான்னு பாப்போம் கணக்குப்பிள்ளை" என்று கூரை மேல் ஏறினார். புகைக்கூண்டில் கரி படிந்து படிந்து, கை நுழையும் அளவுதான் வழி இருந்தது. நீண்ட மூங்கிலில் சாக்கைக் கட்டி உள்ளே விட்டு இழுத்தார்கள். கூடை கூடையாகக் கரி. அன்று சாயந்திரம் அடுப்பு மூட்டினபோது, பூசாமல் விட்ட இணைப்பில் கூடப் புகை வரவில்லை. புகைக்கூண்டு உயரமாகவும் திறந்தும் இருந்தால் அது குழாயிலிருந்து இழுக்கும். சின்ன விரிசல் இருந்தாலும் அறைக்காற்றுதான் உள்ளே போகும், புகை வெளியே வராது. வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே நெருக்கடி கூடிப் புகை சந்து தேடும்.

போடியில் ஏலத்தை ஏலம் விடும்போது (இந்தச் சிலேடை நமக்குப் பழசு) மாதிரிக் காயைத் தட்டில் கொண்டுவருவார்கள். வியாபாரி கையில் அள்ளி, நிறம் பார்த்து, மூக்கருகே கொண்டுபோவார். அந்த ஒரு கணத்தில் ஸ்டோர் குழாயின் யோக்கியதை வெளியாகிவிடும். 2007-இல் மின்னணு ஏலம் வந்து கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார்கள்; ஆனாலும் காயைக் கையில் எடுத்துப் பார்ப்பது நின்றுவிடவில்லை. முதல் உலகப்போரை ஒட்டிய வருஷங்களில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் ஏலத்தை குவாத்தமாலாவுக்குக் கொண்டுபோனார். 1980-களில் அவர்கள் நம்மை முந்தினார்கள். அதன் பிறகு நிறத்தில் தோற்றால் சந்தையில் தோற்றோம் என்றாகிவிட்டது. ஞள்ளானிச் செடி வந்து விளைச்சல் பெருகினபோது பழைய ஸ்டோர்கள் போதவில்லை. பெரிய அடுப்பு, மின்விசிறி, கேஸ், டீசல் என்று வகைவகையாக உலர்த்திகள் வந்தன. நறுமணப் பொருள் வாரியம் மானியமும் கொடுத்தது. எல்லாம் அந்தப் பச்சை நிறத்துக்காக.

இனி மலையிலிருந்து கீழே இறங்கி வருகிறேன்.

எங்கள் வீட்டு அடுப்படியிலும் ஒரு புகைக்கூண்டு இருந்தது. ஓட்டுக் கூரையில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் திறப்பு, அதன் மேல் சின்னக் கூடாரம். ஐப்பசி மழையில் சாரல் உள்ளே அடித்து, ஒரு தடவை உலை வைத்த அடுப்பே அணைந்துபோனது. அப்பா ஒரு தகரத்தை வெட்டி அந்தத் திறப்பின் மேல் வைத்து ஆணி அடித்தார். மழை நின்றதும் எடுப்பதாகச் சொன்னார். எடுக்கவில்லை. அதற்கப்புறம் அம்மா சமைத்தது முழுக்க அந்தத் தகரத்துக்குக் கீழேதான். ஊதாங்குழலும் கையுமாக, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமுவாள். புகை வாசல் வரைக்கும் வந்து, பட்டாசலில் தொங்கும் சாமி படங்களையும் கறுப்பாக்கியது.

இந்தப் புகையைப் பற்றி நாட்டில் யாரும் யோசிக்காமல் இல்லை. வார்தாவில் காந்தியவாதிகள் மகன் அடுப்பு என்று புகைக்குழாய் வைத்த மண்ணடுப்பு செய்தார்கள். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்து எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்ற பொருளில் தலைப்பு வைத்து 1953-இல் ஒரு புத்தகமே போட்டார். 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் சட்டையில் கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் நிறுத்துவதற்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் போட்டதாகக் கணக்கு.

எங்கள் தெருவிலும் அப்படிச் சில அடுப்புகள் வந்தன. சிமெண்ட் குழாய் வைத்துச் சுவர் வழியாக வெளியே விட்டார்கள். ஆறு மாதம் அருமையாக எரிந்தது. பிறகு குழாயில் கரி அடைத்தது, அடுப்பின் மண் விரிசல் விட்டது, புகை எல்லாப் பக்கமும் வந்தது. 'இதுக்குப் பழைய அடுப்பே தேவலை' என்று இடித்துவிட்டார்கள். குழாயைத் தட்டிக் கரியை இறக்க வேண்டும் என்று பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கூரை மேல் ஏறப்போவது யார்? ஸ்டோருக்கு மூங்கிலும் சாக்கும் எடுத்துக்கொண்டு ஏறின ஆட்கள் அடுக்களைக்கு ஏறவில்லை. அடுக்களைப் புகையில் பழுப்பாகிற எதையும் போடிச் சந்தையில் யாரும் கையில் அள்ளிப் பார்க்கப்போவதில்லை.

அமெரிக்காவுக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை நானும் மாப்பிள்ளையும் பெட்டியைக் கீழே இறக்கினோம். இரண்டு பேர் பிடித்தால்தான் இறங்கும், கரண்டை நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும். பார்த்தால், நினைத்தது சரி. சுவருக்குள்ளே வெளியே போகும் குழாய் தயாராக இருக்கிறது. ஆனால் இந்த மாதிரிப் பெட்டிகள் காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும்படித்தான் பெரும்பாலும் வருகின்றன. வெளிக்குழாய் இருக்கிற வீட்டில், உள்ளேயுள்ள விசிறியைக் கழற்றி அதன் வாயைக் குழாய்ப் பக்கம் திருப்பி மாட்ட வேண்டும். மாட்டினவர் அதைச் செய்யவில்லை. காற்று தகரத்தில் முட்டி, கிடைத்த இடுக்கில் எல்லாம் வந்திருக்கிறது. இடுக்கை மட்டும் ஒட்டியிருந்தால் வேறோர் இடுக்கில் வந்திருக்கும்.

விசிறியைத் திருப்பினோம். குழாயும் பெட்டியும் சேருமிடத்தில் இருக்கும் மடிப்புக் கதவு தடையில்லாமல் திறக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தோம். இணைப்பைச் சுற்றி அலுமினியத் தாள் டேப் ஒட்டினோம். துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். மாட்டி முடித்து, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எல்லா இடுக்கிலும் காட்டினேன். புகை நேராகச் சல்லடைக்குள் போனது.

அன்று சாப்பிடும்போது பழைய வீட்டுத் தகரத்தைப் பற்றிய பேச்சு வந்தது. கேஸ் வந்து பல வருஷம் கழித்து ஓட்டைப் பிரித்தபோதுதான் அது கீழே இறங்கியது; விரல் கனத்துக்குக் கரி.

"மாமாதான் மறந்துட்டாக. நீங்களும் வளந்த பிள்ளைதானே, ஏணி வச்சு ஏறி எடுத்திருக்கலாமே" என்றாள் என் மனைவி.

அப்போது நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏணியும் வீட்டிலேயே இருந்தது.