மரக்காணம் உப்பளங்களும் அரசின் விலைக் கொள்கையும்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்த பேரூராட்சி ஆகும். புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ளது. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றைப் போலவே தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கிய ஊர்களுள் ஒன்று. விளைச்சல் மிகுந்து விலை சரியும் ஆண்டுகளில் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஆட்சிகள் காலத்துக்கேற்ப வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. நெல்லுக்குக் கிடைத்த விடை உப்புக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

பழைய குறிப்புகள்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு அடையாளப்படுத்தும் ஆய்வாளர்கள் உண்டு. உப்பு வணிகரான உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்றதையும், உப்பை நெல்லுக்கு ஈடாக மாற்றியதையும் சங்கப் பாடல்கள் கூறுகின்றன.

விளையும் முறை

கழுவேலி ஏரியும் அது கடலோடு சேரும் கழிமுகமும் இப்பகுதியை உவர்நிலமாக ஆக்கியுள்ளன. உவர்நீர் முதலில் தேக்கப்பட்டு, படிப்படியாக வெயிலில் சுண்டவைக்கப்பட்டு, இறுதியில் மிதித்துக் கெட்டியாக்கப்பட்ட பாத்திகளில் பாய்ச்சப்படுகிறது. அங்கு உப்பு படிகமாகிறது. தொழிலாளர்கள் அதை வாரி, வரப்பில் குவித்து, பின் அம்பாரமாகச் சேர்க்கின்றனர். பருவம் பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி சீரமைப்புடன் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையுடன் முடிகிறது.

மழை குறைந்து வெயில் நீடித்தால் விளைச்சல் பெருகும். எல்லா அளங்களிலும் ஒரே வேளையில் உப்பு குவிவதால் விலை இறங்கும். மழை முந்தினால் விலை ஏறும். ஆனால் விற்பதற்கு உப்பு இருக்காது. அம்பாரத்தை மூடி வைத்துக் காத்திருக்க இயன்றவருக்கே விலை உயர்வின் பயன் கிடைக்கிறது. முன்பணம் வாங்கிய சிறு குத்தகைதாரர் வந்த விலைக்கு விற்க நேர்கிறது.

ஏகபோகக் காலம்

1805-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பு விளைவித்தவர்கள் அதை அரசிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அதற்குக் 'குடிவாரம்' எனும் குறிப்பிட்ட தொகை அவர்களுக்கு வழங்கப்பட்டது. அரசு அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த விலையில் விற்றது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது இன்றைய கொள்முதல் விலையை ஒத்திருக்கிறது. ஆனால் நோக்கம் வேறு. எந்த அளங்களில் எவ்வளவு விளைய வேண்டும் என்பதை அரசே முடிவு செய்தது. உபரி அரசின் வருவாயைக் குறைக்கும் என்பதால் விளைச்சல் கட்டுப்படுத்தப்பட்டது. உவர்மண்ணிலிருந்து ஏழைகள் எடுத்துவந்த மண் உப்பும் தடைசெய்யப்பட்டது. குடிவாரம் உழைப்பவருக்கு நிலையான விலையைத் தந்தது. அந்த விலையைப் பேசும் உரிமையைத் தரவில்லை.

1882 முதல் ஆயத்தீர்வை முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1889-இல் சென்னை உப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் பெற்றவர் தாமே உப்பை விற்கலாம். அரசுக்குத் தீர்வை செலுத்தினால் போதும். விற்கும் உரிமை வந்தபோது நிலையான விலை போய்விட்டது. வட எல்லையில் ஆந்திரக் கடற்கரையை எட்டும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணத்தில் இருந்ததால், படகுவழி பெரிய சந்தைகளை அடையும் வசதி இங்கு இருந்தது. எனினும் அதே சந்தைக்கு மற்ற அளங்களின் உப்பும் வந்தது.

விடுதலைக்குப் பின்

1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் நடந்த உப்புச் சத்தியாகிரகம் உப்பு வரியை எதிர்த்தது. அவ்வரி 1947-இல் நீக்கப்பட்டது. நுகர்வோரின் சுமை குறைந்தது. உற்பத்தியாளரின் விலை குறித்த ஏற்பாடு எதுவும் அதனுடன் வரவில்லை.

நெல்லின் கதை வேறு திசையில் சென்றது. 1965-இல் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் அமைக்கப்பட்டன. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. பின்னர் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் பரவின. 2024-25 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு குவிண்டாலுக்கு ரூ. 2,300 அறிவித்தது. தமிழ்நாடு அரசு ரூ. 105 ஊக்கத்தொகை சேர்த்தது. விளைச்சல் மிகுந்தாலும் விலைக்கு ஒரு தரைமட்டம் உண்டு. கொள்முதல் தாமதமும் ஈரப்பதச் சிக்கலும் நெல் விவசாயியை வாட்டினாலும், கேட்பதற்கு ஓர் அறிவிக்கப்பட்ட விலை அவரிடம் இருக்கிறது.

உப்பு இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் அது ஒன்றியப் பட்டியலின் 58-ஆம் இனமாக உள்ளது. வேளாண் பயிராக அன்றி, தொழில் துறை உற்பத்தியாகவே கருதப்படுகிறது. ஆகவே குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் உப்பு இல்லை. நாட்டின் உப்பில் பெரும்பகுதியை குஜராத் அளிப்பதால், மரக்காணத்தின் விலையை இவ்வூரின் விளைச்சல் மட்டும் தீர்மானிப்பதும் இல்லை.

மாநில அரசின் முயற்சிகள்

1974-இல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அதன் உற்பத்தி நடைபெறுகிறது. 2014-இல் 'அம்மா உப்பு', பின்னர் 'நெய்தல் உப்பு' என்ற பெயர்களில் அது விற்பனைக்கு வந்தது. இவை முதன்மையாக நுகர்வோருக்கான திட்டங்கள். தனியார் அளங்களின் உபரியை வாங்குவதற்கானவை அல்ல.

மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு ரூ. 5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2021-இல் மாநில அரசு அறிவித்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மரக்காணம் அளங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய உதவியின் தேவையை அது காட்டியது.

மதிப்பீடு

மழை நிவாரணம் உப்பு விளையாத மாதங்களுக்கானது. உப்பு மிகுதியாக விளைந்து விலை வீழும் மாதங்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. நெல்லைப் போல உப்பு முழுவதையும் அரசு வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவராமல் போகலாம். பொது விநியோகத்தில் நெல் அளவுக்கு உப்பு தேவைப்படுவதில்லை. கூட்டுறவுச் சேமிப்புக் கிடங்குகள், அம்பாரத்தின் மீது கடன், மாநிலத் திட்டங்களுக்கான உப்பில் ஒரு பங்கைச் சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்குதல் ஆகியவை அதைவிட எளிய வழிகள். காத்திருக்கும் வலிமை சிறு குத்தகைதாரருக்கும் கிடைத்தால், நல்ல விளைச்சல் ஆண்டு அவருக்கு இழப்பு ஆண்டாக மாறாது.