சியரா லியோனில் நோய்க் கண்காணிப்பு

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், ஊர்ப்புறச் சுகாதார நிலையங்களில் தென்படும் தொற்றுநோய்களையும் சில வகை மரணங்களையும் வாரந்தோறும் தலைநகர் ஃப்ரீடவுனுக்குத் தெரிவிக்கும் அரசு ஏற்பாடு. 1991 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போர் அந்நாட்டின் மருத்துவக் கட்டமைப்பைச் சிதைத்துப்போட்டது. அதிலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்த இந்த அமைப்பு 2014-ல் எபோலாவிடம் தோற்றது. இன்று நாம் காண்பது அதன் பிறகு ஏறக்குறைய அடித்தளத்திலிருந்தே கட்டப்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க வட்டார நாடுகள் 1998-ல் ‘ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்பு’ என்ற வழிமுறையை ஏற்றுக்கொண்டன. அதுவரை போலியோவுக்கு ஒரு படிவம், காசநோய்க்கு இன்னொன்று, மலேரியாவுக்கு வேறொன்று என்று ஒவ்வொரு திட்டமும் தனித்தனிக் கடை விரித்திருந்தது. எல்லாப் படிவங்களையும் நிரப்பியது என்னவோ ஒரே செவிலியர்தான். அவற்றை ஒரே கணக்காக்குவதே புதிய ஏற்பாட்டின் நோக்கம். போருக்குப் பின் சியரா லியோனும் இதில் சேர்ந்தது, ஆனால் பெரும்பாலும் காகிதத்தில்தான். 2012-ல் காலரா பரவி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, ஏறத்தாழ 300 உயிர்களைப் பறித்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

எபோலா நுழைந்தது கிழக்குக் கோடியிலுள்ள கைலாஹுன் மாவட்டம் வழியாக. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் சந்திக்கும் இடம் அது. எல்லைக்கு இருபுறமும் கிஸ்ஸி மக்களே வாழ்கிறார்கள். சந்தைக்கும் சாவுக்கும் எல்லை தாண்டுவது அங்கே அன்றாடம். கினி 2014 மார்ச்சிலேயே எபோலாவை அறிவித்துவிட்டது. சியரா லியோனில் முதல் நோயாளி உறுதியானது மே 25 வாக்கில்தான். இடையில் நாட்டு வைத்தியம் பார்த்துவந்த ஒரு பெண்ணின் இறுதிச் சடங்கில் பலருக்குத் தொற்றியிருந்தது. அந்த முதல் உறுதிப்பாடும் கெனேமா நகரில் லாசா என்ற வைரஸ் காய்ச்சலுக்கென ஓர் ஆய்வகம் ஏற்கெனவே இருந்ததால் கிடைத்தது. லாசா சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் ஷேக் உமர் கான் ஜூலை 29-ல் எபோலாவுக்கே பலியானார். 2015 நவம்பர் 7-ல் பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து 14,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஏறத்தாழ 4,000 பேர் இறந்திருந்தார்கள்.

மறுசீரமைப்பு 2015-ல், பரவல் ஓயும் முன்பே தொடங்கியது. அதன் வேர் ஒரு நீளப் பதிவேடு. சுகாதார நிலையத்துக்கு வருபவரின் பெயர், வயது, ஊர், அறிகுறி ஆகியவற்றைச் செவிலியர் அதில் எழுதுகிறார். காய்ச்சலோடு தடிப்பும், இருமலோ மூக்கொழுகலோ கண் சிவப்போ இருந்தால் தட்டம்மை எனச் சந்தேகிக்க வேண்டும். ஆய்வக வசதி இல்லாத இடத்தில், கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய இத்தகைய வரையறைகளே கருவி. ஞாயிறோடு வாரம் முடிந்ததும் பதிவேட்டை எண்ணி, இருபதுக்கு மேற்பட்ட நோய்களுக்கு நேரே எண்களை இட்டு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். மாவட்டக் கண்காணிப்பு அலுவலர் அவற்றைத் தொகுத்து ஃப்ரீடவுனுக்கு அனுப்புவார். சந்தேகம் எபோலா என்றால் வாரக்கணக்கெல்லாம் கிடையாது; உடனே தொலைபேசி.

நோய் எதுவும் இல்லையென்றால் ‘0’ என்று எழுதியாக வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. வெளியாளுக்கு இது வெறும் அலுவலகக் கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் ‘0’ என்றால் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று பொருள். வெற்றுக் கட்டமோ எதையும் சொல்வதில்லை: செவிலியர் விடுப்பில் போயிருக்கலாம், படிவம் தீர்ந்திருக்கலாம், மழையில் பாதை அறுந்திருக்கலாம், ஊரே நோயில் கிடக்கலாம். நாடு முழுவதும் உள்ள 1,200-க்கு மேற்பட்ட நிலையங்களில் எத்தனை அறிக்கை அனுப்பின, அவற்றில் எத்தனை காலக்கெடுவுக்குள் வந்தன என்பதே அதனால் முதலில் பார்க்கப்படும் கணக்கு.

போலியோ கண்காணிப்பிலும் இதே தர்க்கம்தான். போலியோ இல்லாத நாட்டிலும், 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது வேறு காரணங்களால் கை கால் திடீரெனத் துவண்டுபோகும். அந்தக் குழந்தைகள் கணக்கில் வராவிட்டால் யாரும் தேடவில்லை என்றே பொருள். கண்டுபிடித்தாலும் வேலை முடிவதில்லை: துவண்ட 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு, இரண்டு மல மாதிரிகள் எடுத்து, 2 முதல் 8 டிகிரி குளிரில் ஆய்வகம் சேர்க்க வேண்டும். மின்சாரமில்லாத ஊரில் ஐஸ் கட்டிக்கு எங்கே போவது என்பதில்தான் பல நல்ல திட்டங்கள் கவிழ்கின்றன.

சுகாதார நிலையத்தின் வாசலையே மிதிக்காமல் இறப்பவர்களுக்காக ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் 117 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருந்தன. எபோலா காலத்தில் எந்த மரணத்தையும் அந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சடலத்திலிருந்து மாதிரி எடுத்தார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி வழியனுப்பும் வழக்கமுள்ள ஊர்களில் இது எவ்வளவு கசந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பலன் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா ஓய்ந்தது என்று 2016 ஜனவரி 14-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அடுத்த சில மணி நேரத்திலேயே, தொன்கோலிலி மாவட்டத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணின் மாதிரியில் எபோலா இருப்பது வெளிவந்தது. உயிரோடிருந்தபோது அவரை வெளிநோயாளியாகப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. கட்டாயம் நீங்கிய பிறகு 117-க்கு வரும் மரணச் செய்திகள் வெகுவாகக் குறைந்தன.

வாராந்திரப் பட்டியலில் தாய்மார் மரணமும் உண்டு. 2015-ல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 1,360 தாய்மார் இறப்பதாக மதிப்பிடப்பட்ட நாடு இது. அன்றைய உலகின் மிக மோசமான விகிதம். தொற்றுநோய்ப் படிவத்தில் பிரசவ மரணத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணே பதில்.

கைபேசி வழி அறிக்கைகள் 2016-க்குப் பிறகு வந்தன. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ்.2 என்ற கட்டற்ற மென்பொருளே அடிப்படை. காகிதத்திலிருந்து நாடு முழுவதும் மின்னணு முறைக்கு மாறிய ஆப்பிரிக்க முன்னோடிகளில் சியரா லியோனும் ஒன்று. ஒரே எண்ணை மூன்று இடங்களில் பிரதியெடுக்கும்போது நேரும் பிழைகள் இதனால் குறைந்தன. ஆனால் பயிற்சி, கருவி, மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் என்று செலவில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவியிலிருந்தே வந்தது. நன்கொடையாளர்களுக்குக் கைபேசி பிடிக்கும். பெட்ரோல் அவ்வளவாகப் பிடிக்காது.

எபோலாவின் பட்டறிவு கோவிட் காலத்தில் கைகொடுத்தது. முதல் தொற்று 2020 மார்ச் 31-ல் உறுதியானபோது, அந்த நபர் வெளிநாட்டிலிருந்து வந்து ஏற்கெனவே தனிமைப்படுத்தப்பட்டிருந்தவர். லாசா விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. கிழக்கு மாவட்டங்களின் நோயாகவே கருதப்பட்ட அது, 2019 நவம்பரில் அதே தொன்கோலிலியில் பணியாற்றிய டச்சு மருத்துவர்கள் இருவரைத் தொற்றியது. அவர்களிடம் சிகிச்சை பெற்ற உள்ளூர் நோயாளிகளிடம் லாசாவை யாரும் சந்தேகிக்கவில்லை. மருத்துவர்களில் ஒருவர் விமானத்தில் தாய்நாடு கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே இறந்தார். கெனேமாவில் லாசா ஆய்வகம் இருந்தும், நோய் இன்னதென்று உறுதியானது நெதர்லாந்தில்.